துண்டுக்குள் மூன்று விரல்

இந்தக் கதையில் முன்பாதி எனக்குத் தெரியாது. அது என் கதைதான், நான்தான் அதில் நடந்தேன், நான்தான் அதில் கத்தினேன், ஆனாலும் எனக்குத் தெரியாது. என் மகள் அமராவதி சொன்னதையும், அவள் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் சொன்னதையும், நெதர் விம்பிள் என்கிற அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் சர்ச் மணியடிக்கும் கில்பர்ட் என்கிற கிழவர் அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததையும் ஒன்றாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டித்தான் சொல்கிறேன். அதனால் நான் வந்தேனாம், போனேனாம் என்று என்னைப் பற்றியே அடுத்தவன்போலப் பேசினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏன் அப்படி என்பது வழியில் வரும். பாதி மாட்டை யாரும் விற்பதில்லை. எடுத்தால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செங்கோடன். காங்கேயம் பக்கம், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நாற்பத்தோரு வருஷம் தரகன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. மீதியை மாடு கொம்பாலும் மனுஷன் வாயாலும் சொல்லிக்கொடுத்தார்கள். எவன் சொன்ன விலைக்கும் நான் எதையும் வாங்கியதில்லை, தேங்காயிலிருந்து என் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர் வரைக்கும். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் அந்த ஐந்து, ஐந்நூறா, ஐந்தாயிரமா, ஐம்பதாயிரமா என்பதை மட்டும் கையை உள்ளே விடுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிட வேண்டும். நேற்றுச் சந்தைக்கு வந்தவன்கூட இதில் தப்பு பண்ண மாட்டான்.

என் சம்சாரம் பொன்னாத்தாள் செத்து நாலு வருஷமாகிறது. அவள் போன ஆறாம் மாதம், ஒரே மகள் அமராவதி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பினாள். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் கையை ஆட்டினதும், கண் கலங்குவதை மறைக்க நான் வண்டி நிறுத்துகிற ஆளிடம் சண்டை போட்டதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு மாதம் வாராவாரம் போன். அதுவரைக்கும் என் சரக்கு. இனிமேல் கேள்விப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணி, தன்னோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர் ரெமிஜியஸைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாளாம். சாதி வேறு, சாமி வேறு, சாப்பிடும் சோறே வேறு என்று நான் குதித்தேனாம். பிறகு பேரம் பேசினேனாம்: ஒரு வருஷம் பொறு என்றேனாம், ஆறு மாதம் என்றேனாம், ஆடி முடியட்டும் என்றேனாம், எதற்கும் அவள் இறங்கி வரவில்லையாம். பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவன் கடைசியில் பேசுகிற பேச்சை நான் பேசினேனாம்.

"மாட்டுக்கே சுழி பாத்துத்தான் கயித்தக் கையில வாங்குவோம். நீ எந்தச் சுழியப் பாத்து அவனப் புடிச்ச?"

தோலில் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்து மாட்டின் ராசி சொல்வது எங்கள் வழக்கம். அதை ஒரு பெண்ணிடம், அவள் பக்கத்தில் அந்த மனுஷனே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, சொன்னேனாம். அமராவதி போனை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கால் போன பக்கம் நடந்தாளாம். கால் போன பக்கத்தில் ஸ்பின்னி இருந்தது.

ஸ்பின்னி என்பது அந்த ஊர்க் காடு. ரெண்டரை ஏக்கர் இருக்கும். நம்ம பக்கம் அதைக் காடு என்று சொன்னால் ஆடுகூடச் சிரிக்கும். கோதுமை வயல்களுக்கு நடுவில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கம்பளிக் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நாலைந்து பெரிய ஓக் மரம், மீதி எல்லாம் விரல் தடிமனில் குச்சி குச்சியாக எழும்பின ஹேசல் புதர். சித்திரைக் கடைசியில் ஒரு வாரம் மட்டும் தரை முழுக்க நீலப்பூ பூக்கிறது, புளூபெல் என்கிறார்கள், கால் வைக்க இடமில்லாமல், தண்ணீர் தேங்கினதுபோல. அந்த ஒரு வாரத்தில் உள்ளே போகிறவர்களிடமிருந்து காடு ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஒரு ஆளிடம் ஆயுசுக்கு ஒரு தடவைதான். பர்ஸோ கடிகாரமோ எடுக்காது. வேறு எதையாவது எடுக்கும்.

டென்னிஸ் என்கிற தோட்டக்காரரிடம் புதன்கிழமையை எடுத்துக்கொண்டதாம். மனுஷன் செவ்வாய் ராத்திரி படுத்தால் வியாழன் காலையில்தான் எழுந்திருக்கிறார், நடுவில் அவர் நாய்க்கு யார் சோறு வைப்பது என்று ஊரில் முறை போட்டிருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்துக்குக் கணக்கெழுதும் மார்ஜரி அம்மாளுக்கு வலது பக்கம் திரும்புவது போய்விட்டது. இடது பக்கமாகவே மூன்று தரம் திரும்பிப் போய்ச் சேருகிறார், வழி குறையட்டும் என்று பத்து வீட்டுக்காரர்கள் கொல்லைக் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு, எதற்காகச் சண்டை போட்டோம் என்பது போய்விட்டது, சண்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது. மணியடிக்கும் கில்பர்ட்டுக்கு ஒன்பது வயதிலேயே ஆச்சரியப்படுவது போய்விட்டதாம். இதையெல்லாம் பொதுக் கூடத்து வாசலில் ஒரு பச்சைப் பலகையில், பெயருக்கு நேரே தொலைந்தது என்ன என்று அழகான கையெழுத்தில் எழுதி, மழை படாமல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். காட்டுக்கு ஏறிப்போகிற வேலிப்படி பக்கத்தில் தகர டப்பாவில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கிறது: தங்களுக்கு எது குறைகிறது என்று தெரியவந்தால் தயவுசெய்து எழுதவும், நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளவும்.

அப்புறம் எதற்கையா அந்த வாரத்தில் அங்கே போகிறீர்கள் என்று பின்னால் நான் கேட்டேன். புளூபெல் பார்க்காமல் எப்படி என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இன்றைக்கு வரை எனக்கு அது பிடிபடவில்லை.

அமராவதி அன்றைக்குக் காட்டில் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு வெளியே வந்து, கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கிழமைகளை எண்ணினாள், வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது; நோட்டில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஆவணியில் அந்த ஊர் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை ரெமிஜியஸ் சொல்லித்தான் கேட்டேன். நான் போன் பண்ணிக்கொண்டே இருந்தேனாம். கல்யாணம் முடிந்த மறுமாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தரம், தைப்பொங்கலுக்கு, அவள் பிறந்தநாளுக்கு, அவள் அம்மாவின் திவசத்துக்கு. அவள் எடுத்து, "அப்பா, பேசுங்கப்பா" என்பாளாம். நான் பேசுவேனாம். அவள் மறுபடி, "பேசுங்கப்பா" என்பாளாம். நான் கத்துவேனாம். அவள் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவாளாம். அப்பன் வேண்டுமென்றே போனைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து தன்னைத் தண்டிக்கிறான் என்று அவள் நினைத்தாள். காது கேட்டும் கேட்காததுபோல நடிக்கிறாள், அத்தனை நெஞ்சழுத்தம் என்று நான் நினைத்தேனாம். இப்படி இரண்டரை வருஷம்.

ஒரு நாள் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ரெமிஜியஸ் போனை எடுத்து ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார். நான் கத்தின கத்தில் மேசைமேல் இருந்த கரண்டி நகர்ந்தது என்கிறார். அமராவதி மாவுக்கையோடு நின்று, "பாத்தீங்களா, இன்னைக்கும் பேசமாட்டேங்கறாரு" என்றாளாம்.

ரெமிஜியஸ் அன்றைக்கே போய் மார்ஜரி அம்மாளிடம் சொன்னார். மார்ஜரி அம்மாள் ஏணி போட்டுப் பச்சைப் பலகையைத் திறந்து, அமராவதி, அவளுடைய அப்பாவின் குரல் என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் நாலு வீட்டிலிருந்து பிளம் கேக் வந்தது. ஒருவராவது அய்யோ என்று சொல்ல வேண்டுமே. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற முகத்தோடு, குரலா, பாவம், சின்னதில்லைதான் என்றார்களாம்.

விஷயத்தை ரெமிஜியஸ் எனக்குச் சொல்ல, பொய் என்று அவரைத் திட்டிவிட்டு, பொய்தானா என்று நேரில் பார்க்க நான் விமானம் ஏறினேனாம். வாசலில் என் மகள் நின்றாளாம். நான் வாயைத் திறந்தேனாம். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாளாம். என் இருமல்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

ஊர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தது. சர்ச் கோபுரத்தில் ஆறு மணிகள். அவற்றை ஒரு முறை அடித்த வரிசையில் மறுமுறை அடிக்காமல், வரிசையை மாற்றி மாற்றி மணிக்கணக்காக அடிப்பார்கள், ராகம் கிடையாது, எழுத்து கிடையாது, எல்லாம் மனப்பாடம். அதில் ஐம்பது வருஷம் ஊறினவர் கில்பர்ட். அர்த்தமில்லாத எதையும் எத்தனை நீளமானாலும் ஒரு தரம் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார். அவரைக் காலை பத்திலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் எனக்கும் என் மகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் தமிழில் சொல்வேனாம். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல், மெதுவாக, மரியாதையாக, அதைத் தமிழிலேயே அவளிடம் சொல்வாராம். இதென்ன டீயா, மாடு கொப்புளிச்சுத் துப்பின கழுநீரா என்று நான் இரைந்ததை அந்த வெள்ளைக்காரர் ஜெபம் சொல்வதுபோலச் சொன்னபோது, அமராவதி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாளாம். மூன்று வருஷத்தில் முதல் சிரிப்பு அது என்றார் ரெமிஜியஸ்.

ஆனால் நான் எதையோ சொல்லத்தான் வந்திருந்தேனாம். அமராவதிக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானச் சோறு முடிந்ததும், "அம்மிணி, அன்னைக்கு நாஞ் சொன்னது..." என்று ஆரம்பிப்பேனாம். கில்பர்ட் அதைச் சொல்வாராம். அவள் காத்திருப்பாளாம். நான் கில்பர்ட்டின் முகத்தைப் பார்ப்பேனாம், நிறுத்திவிடுவேனாம். இரவல் வாயில் அது வராது போலிருக்கிறது. அந்த ஒரு பேச்சை என் குரலில், என் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் வேண்டாம் என்று அவள் ரெமிஜியஸிடம் சொல்லியிருக்கிறாள்.

பத்தாம் நாள் நான் ஊர்க்கூட்டத்துக்குப் போய் நின்றேனாம். எடுத்ததைத் திருப்பிக் கேட்டீர்களா என்று கேட்டேனாம். ரெமிஜியஸ் அதை இங்கிலீஷில் சொன்னாராம். இருநூறு வருஷமாக அந்தப் பலகை இருக்கிறது, அதற்கும் முன்னால் நோட்டு இருக்கிறது, ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை என்றார் மார்ஜரி அம்மாள். கடையில் ஒட்டியிருக்கிற விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற சனம் அது. எனக்கு வந்த கோபத்தில், ஒரு மாடு காலைத் தூக்கி உதைத்தால் பரவாயில்லை என்று பாலைக் கீழே விட்டுவிட்டுப் போகிறவர்களா நீங்கள் என்று கேட்டேனாம். ரெமிஜியஸ் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, சட்டைமேல் ரெமிஜியஸின் கோட்டு, அதன்மேல் என் துண்டு, இப்படிப் போட்டுக்கொண்டு ஸ்பின்னிக்குள் போனேனாம். பூ வாரம். முறைப்படி அது கில்பர்ட் என்னோடு இருக்க வேண்டிய நேரம் என்பதால் அவரும் வந்தார். அமராவதியும் ரெமிஜியஸும் மார்ஜரி அம்மாளும் வேலிப்படியிலேயே நின்றுகொண்டார்கள்.

உள்ளே நடந்ததற்கு கில்பர்ட்தான் சாட்சி, ஆச்சரியப்படத் தெரியாத சாட்சி. நான் ஒவ்வொரு ஓக் மரமாகச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தேனாம், பட்டையில் சுழி பார்த்தேனாம், கடைசியில் இடுப்பு உயரத்தில் பொந்து இருக்கிற ஒரு கிழட்டு மரத்தின் முன்னால் நின்றேனாம். துண்டை உதறிப் பொந்தின்மேல் போட்டுக் கையை உள்ளே விட்டேனாம். துண்டு இந்தப் பக்கமும் அசைந்தது, அந்தப் பக்கமும் அசைந்தது, அதற்கு மேல் தான் எதையும் பார்க்கவில்லை என்றார் கில்பர்ட். ஆனால் நான் பேசின அத்தனையும் அவர் காதில் இருந்தது. வரிசை தப்பாமல் என் மகளிடம் ஒப்பித்தார்:

"அஞ்சா? எடுத்த எடுப்புல கைய மொத்தமாப் புடிக்கற? ஏப்பா, சீமையில மரத்துக்குக்கூடக் கூச்சம் கெடையாதா? நாஞ் சந்தைக்கு நேத்து வந்தவனில்ல. எம் பொண்ணோட காது, எங் குரலு, ரெண்டும் எங்க ஊட்டுச் சரக்கு. அதுக்கு நான் உனக்குக் குடுக்கறதே தப்பு. ஒண்ணு. ஒண்ணுக்கு மேல பேச்சில்ல. நாலரையா? போ, நீயே வெச்சுக்க."

இந்த இடத்தில் நான் கையை உதறிக்கொண்டு பத்தடி நடந்தேனாம். அது சந்தை வித்தை, நடந்தால்தான் கூப்பிடுவான். ஒரு ஹேசல் குச்சி கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்ததாம். திரும்பிப் போனேனாம். மறுபடி நடந்தேனாம், மறுபடி இழுத்ததாம். மூன்றாம் தடவை, "மூணு. மூணுதான். முடிச்சுக்க" என்றேனாம். துண்டு ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்ததாம். பிறகு நான் துண்டை இழுத்துத் தோளில் போட்டேனாம். துண்டை இழுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது; அதற்கப்புறம் விலை பற்றி இரண்டு பக்கமும் மூச்சு விடக்கூடாது.

ஐந்தை மூன்றுக்கு முடித்திருக்கிறேன். ஆனால் கில்பர்ட் ஒப்பித்த அந்த வரிசையில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், எதில் பேசுகிறோம் என்று நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அது மொத்தமாகக் கையைப் பிடித்த கோபத்தில், நாற்பத்தோரு வருஷத்தில் செய்யாத தப்பைச் செய்திருக்கிறேன். மூன்று என்றால் மூன்று என்ன?

இனி என் சரக்கு.

கண்ணபுரம் சந்தையில், கரூர்க்காரர் ஒருத்தரின் துண்டுக்குள் என் கை இருந்தது. சாம்பல் நிற மயிலைக்காளை ஜோடி, சரியான வெயில், எங்கோ கரும்புச் சாறு பிழிகிற சத்தம். அவர் என் இரண்டு விரலைப் பிடித்தார். நான் கையை வெளியே எடுத்தேன். எடுத்தால் குளிர். காலடியில் நீலமாகப் பூ. எதிரே ஒரு நெட்டை வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் உடம்பில் எவனுடையதோ கோட்டு, பையில் எவனுடையதோ போன். கரூர்க்காரர் எங்கே என்று அவரிடம் கேட்டேன். கரூர்க்காரர் எங்கே என்று அவரும் அச்சாக, மரியாதையாகச் சொன்னார். என்னை நக்கல் பண்ணுகிறாரா என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். மனுஷன் கண்ணில் நக்கல் இல்லை. அவர் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன். வேறு என்ன செய்வது? இத்தனை பூவை மிதிக்கிற பாவம் வந்து சேருமோ என்று ஒரு பக்கம் பயம், மாட்டுக்காரன் ஓடிவிட்டானே என்று ஒரு பக்கம் கோபம்.

காடு நாற்பது அடியில் முடிந்துவிட்டது. வேலிப்படியில் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி என் மகள்.

"அம்மிணி," என்றேன், "இது எந்த ஊரு?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள், திறந்தாள், பொத்தினாள், திறந்தாள். மறுபடி சொல்லுங்கப்பா என்றாள். எந்த ஊரு என்றேன். மறுபடி என்றாள். எத்தனை தடவை கேட்பாய், உனக்குக் காது கேட்காதா என்று நான் அதட்டினதும் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் நின்ற கறுத்த மனுஷர், எனக்குக் கால் தள்ளாடுவதைப் பார்த்து ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இது யாரம்மா என்று கேட்டேன். வீட்டுக்காரருங்கப்பா என்றாள். எப்போ கல்யாணம் என்றேன். ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சுங்கப்பா என்றாள். சாதி என்ன, ஊர் என்ன என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் துண்டை இழுத்துப் போட்ட வியாபாரத்தில் பேச்சுக் கிடையாது என்பது என் ரத்தத்தில் இருக்கிறது. அதுவும் போக, அந்தச் சீமையில் என்னைப் பிடித்துக்கொண்ட கை அவருடையதுதான்.

கில்பர்ட் வரிசையை ஒப்பித்தார், மார்ஜரி அம்மாள் மூன்று விரலைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார், அமராவதி என்னிடம் வருஷம் என்ன என்று கேட்டாள். சொன்னேன். நான் சொன்னது மூன்று வருஷத்துக்கு முந்தின வருஷமாம். ஓ, வருஷமா, என்று மார்ஜரி அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, தகர டப்பாவைத் திறந்து எழுதினார். மூன்று நாளும் இல்லை, மூன்று தலைமுறையும் இல்லை, எல்லாம் யோசித்துப் பார்த்தால் நடுவாந்திரமான விலை என்று சொன்னாராம். பலகையில் அமராவதியின் பெயருக்கு நேரே திரும்பி வந்தது என்று எழுத இடமில்லை. அப்படி ஒரு கட்டத்துக்கு இருநூறு வருஷமாகத் தேவை இருக்கவில்லை. அதற்காக ஒரு அவசரக் கூட்டம் போட்டு, டீ குடித்து, கை தூக்கி, ஒரு கோடு கிழித்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுச் சிவப்புக் காளை செத்துவிட்டதாம், நான்தான் குழி வெட்டினேனாம். என் முன்பல் இரண்டு இல்லை, எங்கே விழுந்தது என்று தெரியாது. ஐந்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பொன்னாத்தாள் செத்தது எனக்குத் தெரிந்திருக்காது, ஊருக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன், யாராவது ஒருத்தர் எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும், நான் மறுபடி அவளை எரித்திருக்க வேண்டும். பேரம் பேசினதால் அவள் சாவு எனக்கு மிஞ்சியது. இது லாபமா நட்டமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அதை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

நாலு மணிக்கு அமராவதி டீ வைத்தாள். கில்பர்ட் முறை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். நடுவில் நாற்காலி காலியாக இருந்தது. அவள் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏதோ சொல்ல வந்தீங்களேப்பா. அவரப் பாத்துட்டு நிறுத்திருவீங்க. இப்பச் சொல்லுங்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்ல வந்தேன்? மனசுக்குள் தேடினேன், கரூர்க்காரர் இருந்தார், மயிலைக்காளை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியலையே அம்மிணி என்றேன். என் குரல் வந்துவிட்டது. அதில் அவள் கேட்கக் காத்திருந்தது மட்டும் விலையாகப் போய்விட்டது. போச்சுங்க என்று ரெமிஜியஸிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

என்னவென்று சொல்லு, நீயாவது சொல்லு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சொன்னாள். ஆள் பெயர் சொல்லாமல், மூன்றாம் மனுஷனைப் பற்றிச் சொல்வதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கட்டிக்கப் போறவரப் பத்தி ஒருத்தர்கிட்ட ஆசையாச் சொன்னனுங்கப்பா, இவரு எம் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருக்க அவரு, மாட்டுக்கே சுழி பாத்துத்தான் கயித்தப் புடிப்போம், நீ எந்தச் சுழியப் பாத்து அவனப் புடிச்சன்னு கேட்டாருங்கப்பா.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. டீ தம்ளரைத் தட்டிவிட்டு எழுந்தேன். எம் மவளயும் மாட்டயும் ஒண்ணா வெச்சுப் பேசுன நாயி எவன், எந்த ஊரான் என்று கத்தினேன்.

"கண்ணபுரங்கப்பா. சந்தைத் தரகரு."

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஓட்டைவாய் மருதாசலமா, சடையப்பனா, அந்த நத்தக்காடையூர் நொண்டியா என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள்.

தட்டிவிட்ட டீ மேசை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆரம்பித்தேன். அவனை எனக்கு அறுபத்தெட்டு வருஷமாகத் தெரியும் என்றேன். பேரத்தில் தோற்றால் பெற்ற பிள்ளையையே குத்திக் கிழிக்கிற பயல் என்றேன், பொண்டாட்டி இருந்திருந்தால் அவன் வாயில் கொள்ளிக்கட்டையை வைத்திருப்பாள் என்றேன், உன் கால் தூசிக்கு அவன் ஆவானா அம்மிணி என்றேன். சந்தையில் பொறுக்கின வசவு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. என் மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எனக்கு மூச்சு வாங்கினபோது, கல்யாணத்துக்கும் வரலீங்கப்பா, என்று எடுத்துக் கொடுத்தாள். நான் மறுபடி முதலிலிருந்து பிடித்தேன்.

ரெமிஜியஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு கிட்டே வந்தார். "போதும் மாமா, விடுங்க. அவரும் பாவம், ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு."

"நீங்க சும்மா இருங்க மாப்ள," என்றேன். "அவனப் பத்தி உங்களுக்குத் தெரியாது."